மரமா, கார்பனா? பூல் ஸ்டிக் வாங்கப் போறவங்க உஷார்!

சென்னை -

மாலை 6 மணி. ஆபீஸ் விட்டாச்சு. பூல் பார்லரில் கூட்டம் சேருகிறது. சுவரோரம் வரிசையாக ஸ்டிக்குகள்.

உள்ளே வருகிறவர் முதலில் ஒரு ஸ்டிக்கை எடுக்கிறார். மேஜை மேல் வைத்து உருட்டுகிறார். முனை 'டக் டக்' என்று குதிக்கிறது. "ஐயையோ, இதுவும் வாழைக்காய் மாதிரி வளைஞ்சு கிடக்குதே!" என்று திருப்பி வைக்கிறார். நாலு ஸ்டிக் பார்த்தால் ஒன்று நேராக இருக்கும். அதையும் பக்கத்து மேஜைக்காரர் முன்னாடியே எடுத்திருப்பார்!

இந்தத் தொல்லையில்தான் பலருக்கு 'சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்' என்ற ஆசை பிறக்கிறது. ஆசையோடு கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. மரமா? கார்பனா?

கேள்வி சின்னது. பணம் பெரியது. அவசரப்பட்டால் ஒரு மாசச் சம்பளம் அம்பேல்!

ஈரம்தான் எமன்

பூல் ஸ்டிக்கின் முன்பாதிக்கு 'ஷாப்ட்' என்று பெயர். காலங்காலமாக இது மேப்பிள் மரத்தில் செய்யப்படுகிறது. ஸ்டிக்கின் மொத்த நீளம் சுமார் 58 அங்குலம். எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்சு.

மரத்தின் எதிரி ஈரம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் கதவே உப்பிக்கொள்கிறது. மெல்லிய ஷாப்ட் என்ன செய்யும்? காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பிறகு காயும். மாறி மாறி இப்படி நடந்தால் வளையும். சுவரில் மாதக்கணக்கில் சாய்த்து வைத்தாலும் வளையும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைத்தாலும் வம்புதான்.

கை வியர்வையும் நீலச் சாக்குத் தூளும் மரத்தில் ஊறி அழுக்காகும். ஆனால் மரத்துக்கு வைத்தியம் உண்டு. சின்னப் பள்ளம் விழுந்தால், ஈரத்துணியும் சூடும் காட்டி மேலே எழுப்பி விடலாம்.

கறுப்புக் குழாய்

கார்பன் ஷாப்ட் என்பது கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, சூட்டில் இறுக வைத்த குழாய். ஈரம் குடிக்காது. மழைக்கும் வெயிலுக்கும் வளையாது. ஈரத்துணியால் துடைத்தால் பளபள!

குறையும் உண்டு. பலமாக அடிபட்டு விரிசல் விட்டால் ஒட்டுப் போட முடியாது. மர ஷாப்டைத் தேய்ப்பது போல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. அந்தத் தூள் தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் போனால் நெஞ்சுக்குக் கெடுதல். ஆகவே முனைத் தோல் மாற்றுவதற்குக் கூட விஷயம் தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும்.

பந்து ஏன் விலகுது?

கார்பனைத் தேடிப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெள்ளைப் பந்தின் இடது ஓரத்தில் குத்தினால் பந்து நேராகப் போகாது. கொஞ்சம் வலது பக்கம் விலகும். குறி தப்பும்.

குத்துகிற அந்த நொடியில் பந்து சுழல ஆரம்பிக்கிறது. ஸ்டிக்கின் முனையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முனை கனமாக இருந்தால் லேசில் நகராது. பதிலுக்குப் பந்தைத் தள்ளி விடும். முனை லேசாக இருந்தால் விலகல் குறைவு. கார்பன் குழாய் உள்ளே கூடு. அதனால் முனை லேசு. இதுதான் சூட்சுமம்!

ஆனால் இதை முதலில் செய்தது கார்பன் அல்ல. மரம்தான்! 1994-ல் அமெரிக்காவின் பிரிடேட்டர் கம்பெனி, மேப்பிள் துண்டுகளை ஒட்டி, முனையில் கூடு விட்டு '314' என்ற ஷாப்டைக் கொண்டு வந்தது. அதே கம்பெனியின் 'ரெவோ' கார்பன் ஷாப்ட் வந்தது 2016-ல்தான்.

ஒரு எச்சரிக்கை. பழைய மர ஸ்டிக்கில் ஆடியவர் அந்த விலகலுக்குத் தகுந்தபடி குறி வைத்தே பழகியிருப்பார். கார்பனுக்கு மாறினால் அந்தக் கணக்கு தப்பும். கொஞ்ச நாளைக்குத் தோல்விதான்!

சாம்பியன் கையில் எது?

1999-ல் உலக 9 பந்து பட்டம் வென்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டு எப்ரன் ரேயஸ். கையில் இருந்தது மரம். 2022-ல் அதே பட்டத்தை வென்றவர் அமெரிக்காவின் ஷேன் வான் போயனிங். கையில் இருந்தது கார்பன். இரண்டும் ஜெயித்திருக்கிறது!

கறுப்பெல்லாம் கார்பன் அல்ல

விலைக்கு வருவோம். பெரிய கம்பெனியின் கார்பன் ஷாப்ட், முன்பாதி மட்டுமே அமெரிக்காவில் 500 டாலர் அளவுக்குக் கூடப் போகும். நம் பணத்தில் 40 ஆயிரத்தைத் தாண்டும். இறக்குமதி வரி தனி. சாதாரண மேப்பிள் ஸ்டிக் முழுசாகவே சில ஆயிரம் ரூபாயில் முடிந்து விடும்.

மலிவு விலையிலும் கார்பன் வந்து விட்டது. இங்கேதான் ஏமாறக் கூடாது. மரத்தின் மேல் கண்ணாடி இழை பூசிய ஸ்டிக்குகள் பல வருஷமாக விற்பனையில் உள்ளன. அதுவும் கறுப்பாக இருக்கலாம். ஆட லாயக்குதான். ஆனால் அதைக் கார்பன் விலைக்கு வாங்குவதுதான் ஏமாளித்தனம். ஷாப்ட் முழுக்கக் கார்பனா என்று கேளுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள்.

பின்பாதி ஏற்கெனவே இருந்தால் அதையும் கடைக்குக் கொண்டு போங்கள். மரை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பொருந்தாவிட்டால் 40 ஆயிரமும் அலமாரிக்குள்தான்!

ஊட்டி ஆட்டக்காரர் கவனிக்க

1875-ல் ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கருக்கு 1882-ல் விதி எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான். அந்த ஆட்டம் ஆடுகிறவர் பூல் ஸ்டிக் வாங்கி விடக் கூடாது. பூல் ஸ்டிக்கின் முனை 12, 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கருக்கு 9, 10 போதும். பந்தும் சிறிசு.

யாருக்கு எது?

வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் ஆடுகிறவருக்கு மரம் போதும். இரண்டு துண்டு மேப்பிள் ஸ்டிக், நல்ல தோல் முனை, ஒரு உறை. ஆடி முடித்ததும் துடைத்து உறையில் போட்டால் வருஷக்கணக்கில் நேராக நிற்கும்.

தினமும் ஆடுகிறவர், போட்டிக்குப் போகிறவர், பஸ்ஸிலும் ரயிலிலும் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர் - இவர்களுக்குக் கார்பன் கொடுத்த காசுக்கு உழைக்கும். அதையும் நண்பர் கையில் உள்ளதை வாங்கி நாலு ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

மற்றவர்கள் அந்த 40 ஆயிரத்தை மேஜை வாடகையாகக் கொடுத்துப் பழகினால், ஆட்டம் தானாக ஏறும். ஸ்டிக் கறுப்பா, வெளுப்பா என்று பந்துக்குத் தெரியாது. குத்துகிற கையைத்தான் அதுக்குத் தெரியும்!