பிந்தி வந்த பனிப்புயல்

மாரிகாலத்து வடகீழ்க் காற்று நமக்கு மழையைத் தருவது. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியிலோ, அதே திசையிலிருந்து வீசும் மாரிப்புயல் வெண்பனியைக் கொண்டுவந்து கொட்டுகின்றது. கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று, அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டத்தின்மேல் தங்கிய ஈரக்காற்றைச் சந்திக்கின்றது. அவ்விடத்துத் தாழமுக்கம் தோன்றி, கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்து வலுப்பெறுகின்றது. இத்தகைய புயலின் வரவை முன்னறிந்து கூறுதல் இன்று அரிதன்று. கூறியதை மக்கள் நம்புமாறு செய்தலே அரிது. இதற்கு 1978ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்றாகும்.

அவ்வாண்டு பெப்ரவரி 6ஆம் திகதி, திங்கட்கிழமை. பெரும்பனி வருகின்றதென வானிலை ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். விடியுமுன் பனி தொடங்குமென்றும் கூறியிருந்தனர். ஆயின், பொஸ்டன் மக்கள் கண்விழித்தபோது பனியைக் காணவில்லை. முன்பு பொய்த்த அறிவிப்புகள் அவர்கள் நினைவிலிருந்தன. "இதுவும் அவ்வாறே" என எண்ணி, வழமைபோல் வேலைக்குச் சென்றனர். முற்பகல் 10 மணியளவில் பனி பெய்யத் தொடங்கிற்று. மறுநாள் மாலைவரை ஓயவில்லை. பொஸ்டனில் 27.1 அங்குலம் பனி வீழ்ந்தது.

வீடு திரும்ப எல்லோரும் ஒரே வேளையிற் புறப்பட்டனர். நகரைச் சூழ்ந்து செல்லும் 128ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகளும் ஐந்நூறளவு லொறிகளும் பனியிற் புதையுண்டன. குளிர்தாங்காது இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே இருந்தோருட் பதினால்வர் மாண்டனர். புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்தமையால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு வண்டிக்குள் நிறைந்ததே காரணம்.

கரையோரத்தவர் துன்பம் வேறுவகையானது. அன்று அமாவாசையை ஒட்டிய பெருநீர்ப் பெருக்குக் காலம். புயல் பல வற்றுப்பெருக்குகள்வரை அகலாது நின்றமையால், கடல் ஊருட் புகுந்து ஆயிரக்கணக்கான வீடுகளைச் சிதைத்தது. றொக்போட் துறைமுகத்தில் ஓவியர் ஓயாது தீட்டிவந்த செந்நிற மீனவர் குடிலும் அழிந்தது. அதே ஆண்டில் அதனை மீண்டும் எழுப்பினர். அப்புயலில் அமெரிக்க வடகிழக்குப் பகுதி எங்கணும் இறந்தோர் தொகை ஏறத்தாழ நூறு.

அப்பாடம் வீண்போகவில்லை. 2013 பெப்ரவரி 8ஆம் திகதி மற்றொரு பெரும்புயல் நெருங்கியபோது, மசச்சூசெட்ஸ் ஆளுநர் டெவால் பற்றிக், அன்று பிற்பகல் 4 மணிக்குப்பின் வீதிகளில் எவரும் வண்டி செலுத்தலாகாதென ஆணையிட்டார். பொஸ்டனில் 24.9 அங்குலம் பனி வீழ்ந்தும், 1978இன் நெடுஞ்சாலைக் காட்சி அங்கு மீளவில்லை. அத்தகைய தடை இல்லாத நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டிலோ, அவ்விரவில் நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியிற் சிக்குண்டன.

புயலும் வெள்ளமும் அறியாதவர் அல்லர் நாம். எச்சரிக்கை வந்தபின் வானம் தெளிந்திருப்பின், அறிவித்தோரை நகைப்பது நமக்கும் இயல்பே. பிந்தி வரும் புயல் பொய்த்த புயலன்று. அறிவிப்புக்கும் ஆபத்துக்கும் இடையே கிடைக்கும் சில மணிநேரம் வீடுசேர்வதற்கென அமைந்தது. அதனை ஐயத்திற் கழித்தோரையே 1978இல் பனி வழியில் மறித்தது.