தொகையாய் மறைந்த பெயர்கள்

யுத்தத்தில் மாண்டவனுக்கு நாட்டிய கல்லில் பெயர் இருந்தால் அவன் ஒரு மனிதன். தொகை மட்டும் இருந்தால் அவன் ஒரு கணக்கு. 1914-ல் மூண்ட மகா யுத்தத்தின் பின், சென்னை மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் அன்னிய சர்க்கார் பதித்த கற்கள், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று மட்டுமே சொல்கின்றன. பாஸ்ரா ஞாபகச் சின்னத்திலும் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சிப்பாய்களுக்குத் தொகை. இந்தியா, ஆப்பிரிக்கா முதலிய தேசத்தார் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று யுத்தக் கல்லறைக் கமிஷனே 2021-ல் ஒப்புக்கொண்டது.

பெயர் தெரிந்தால் விளைவது என்ன? செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் சென்னை ஸாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24-ந் தேதி இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றுகையில், உடனிருந்த ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுபேதார் அதன்மேல் பாய்ந்து விழுந்து, தம் உடலையே கவசமாக்கித் தோழர்களைக் காத்து மடிந்தார். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் மறைந்த பின் அளிக்கப்பட்டது. பெயரும் ஊரும் பதிவாகியிருந்தமையால் அன்றோ இதனை இன்று நாம் அறிகிறோம்!

திருவள்ளூர்ப் பக்கத்து வீரரைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருவள்ளூர் தனி ஜில்லாவானது 1997-ல்தான். ஆகவே பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பிரதேசத்தாரைப் பழைய பதிவேடுகளில் செங்கற்பட்டின் கீழும், 1960 வரை ஆந்திரப் பக்கம் இருந்த திருத்தணியாரைச் சித்தூரின் கீழும் தேடுதல் வேண்டும். குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் எழுதியபோது தமிழ்ப் பெயர்கள் உருக்குலைந்தன. ஆதலின் படை எண்ணையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் ஒப்பிட்டே முடிவுகட்ட வேண்டும்.

ஏகாதிபத்தியத்தின் யுத்தத்தில் மாண்டவரை நாம் ஏன் தேடவேண்டும் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமே. 1939-ல் இந்தியரின் பிரதிநிதிகளைக் கலவாமலே நம்மை யுத்தத்தில் சேர்த்தனர். ஆனால் யுத்தம் அன்னியருடையதாயினும் மாண்டவன் நம்மவன். அவனைத் தொகையாக்கியது அன்னியர் செயல். தொகையாகவே விட்டுவைத்தால் அது நம் செயலாகும்.

உங்கள் ஊரில் அத்தகைய கல் இருந்தால், அதன்மேல் படிந்த சுண்ணாம்பைத் துடையுங்கள், முதியோரிடம் கேளுங்கள். ஒரே ஒரு பெயர் மீண்டாலும் அக்கல்லின் கணக்கில் ஒருவன் மனிதனாவான்.