இருப்பு எது, பதுக்கல் எது?

நமது வணிகர் கூட்டங்களில் மேடையேறும் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1952 ஜூன் மாதம் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார்; பதுங்கிக் கிடந்த அரிசியெல்லாம் கடைக்கு வந்தது; வியாபாரியை நம்பினால் நாடு பசியாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்பார்கள். கைதட்டல் பலமாக இருக்கும். நாமும் தட்டியிருக்கிறோம்.

அந்தக் காலத்துக் கஷ்டம் பொய்யல்ல. இரண்டாம் உலகப் போரில் வந்த ரேஷன், போர் முடிந்தும் போகவில்லை. தலைக்கு இத்தனை அவுன்ஸ் என்று அரிசி. மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக பர்மிட். அதை ஒரே அறிவிப்பில் நீக்கியது பெரிய துணிச்சல்தான். மறுப்பவர் யார்?

ஆனால் இதற்கு முன்பும் ஒருமுறை கட்டுப்பாடு தளர்ந்தது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. காந்தியடிகள் வற்புறுத்தியதன்பேரில் 1947 டிசம்பரில் மத்திய அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. விலை தாறுமாறாக ஏறியது. 1948லேயே கட்டுப்பாடு திரும்பி வந்தது. அப்போதும் வாங்கி விற்றவர்கள் நாம்தானே!

அன்று தோற்றது 1952ல் ஏன் வென்றது என்பதில் இன்றும் வாதம் உண்டு. கொரியப் போரால் ஏறியிருந்த விலைகள் 1952 தொடக்கத்திலேயே சரிந்தன. 1951ல் அமெரிக்கா கடனாகத் தந்த கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியிருந்தது. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். 1953-54ல் நாடெங்கும் அமோக விளைச்சல். 1954ல் நாடு முழுவதும் கட்டுப்பாடு போயிற்று. ராஜாஜிக்கும் வியாபாரிக்கும் உரிய பெருமை இருக்கட்டும். அரசாங்கக் கிடங்கில் சரக்கு இருந்ததால்தான் பதுக்கியவருக்குப் பயம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இதைச் சொன்னால் மாலை மரியாதை கிடைக்காது என்பது நமக்குத் தெரியும்.

மறுபக்கத்தாரும் ஒன்றை உணர வேண்டும். அறுவடையில் வாங்கி, வரத்துக் குறையும் மாதம் வரை வைத்திருந்து விற்பதுதான் மொத்த வியாபாரம். நாம் வாங்கி வைக்காவிட்டால் தை மாதம் விவசாயிக்கு விலை விழும். ஐப்பசியில் சில்லறைக் கடையில் சரக்கு இராது. கிடங்கில் மூட்டை இருப்பதாலேயே ஒருவர் பதுக்கல்காரர் ஆகிவிட மாட்டார். 2023 ஜூனில் கோதுமைக்கு உச்சவரம்பு வந்தபோது மொத்த வியாபாரிக்கு 3,000 டன், சில்லறைக் கடைக்கு 10 டன் என்று விதித்து, இருப்பைத் தெரிவிக்கச் சொன்னார்கள். தெரிவிப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? கணக்கில் இருப்பது இருப்பு. கேட்டு வந்தவரிடம் "இல்லை" என்று சொல்லும் இடத்தில்தான் பதுக்கல் தொடங்குகிறது.

சொந்தக் கதை ஒன்று. 1966. மழை பொய்த்து அரிசிக்கு அல்லாடிய வருடம். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியதென்றால் பஞ்சத்தின் கொடுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு அப்போது எட்டு வயது. எங்கள் கடைக்குப் பின்கட்டில், புளிச் சிப்பங்களுக்குப் பின்னால் நாற்பது மூட்டை அரிசி இருந்தது. அதன்மேல் ஏறி விளையாடியதால் தெரியும். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் பையுடன் வந்து கேட்டார். "சரக்கு வரலைம்மா" என்றார் எங்கள் தகப்பனார். அவர் கெட்டவர் அல்லர். கடன் சொன்ன எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அன்று ஏனோ அனுப்பினார்.

அவர் காலமான பிறகு பழைய பேரேடுகளைப் புரட்டினோம். அந்த வருடத்துப் புளி இருக்கிறது, மிளகாய் இருக்கிறது, காலணா பாக்கி வரை இருக்கிறது. அந்த நாற்பது மூட்டையை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணோம்.