பேசியே வெல்லும் ஆட்டம்

பிணவறை மேசையில் ஒருவன் கண் விழிக்கிறான். செத்தவன்தான், ஆனால் சாவு அவனிடம் நிலைப்பதில்லை. பெயர் நினைவில்லை, ஊர் நினைவில்லை. முதுகு நிறையப் பச்சை குத்தியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல, காற்றில் மிதந்தபடி ஒரு மண்டையோடு வந்து சேர்கிறது. 1999 டிசம்பரில் வெளிவந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ என்ற கணினி விளையாட்டு இப்படித் தொடங்குகிறது. கிறிஸ் அவெல்லோன் தலைமையில் அமெரிக்காவின் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் உருவாக்கியது. கதையை நம்பி எழுந்த விளையாட்டுகளில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

அன்று நான்கு சி.டி.க்களில் வந்தது. வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள்; விற்பனை அந்த அளவுக்கு இல்லை. பெங்களூருவில் அது சைபர் கஃபேக்களின் காலம். பிரிகேட் ரோட்டில் 1996-ல் திறந்த முதல் காஃபி டே கடையே காபியோடு இணையத்தையும் சேர்த்து விற்ற கடைதான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காரும் இடத்துக்குத் துப்பாக்கிச் சண்டை பொருந்தும், கார் பந்தயம் பொருந்தும். டார்மென்ட் பொருந்தாது. எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த சொந்தக் கணினியும், மறுநாள் வேலையை மறந்த ஓர் இரவும் அதற்கு வேண்டும். ஏனென்றால் அது படிக்க வேண்டிய ஆட்டம். ஏறக்குறைய 8 லட்சம் சொற்கள். குரல் நடிப்பு ஆங்காங்கேதான். மற்றதெல்லாம் திரையின் அடியில் ஓடும் எழுத்து.

சண்டைக் காட்சிகள் சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே வாளைவிட ஞானத்துக்கு மதிப்பு அதிகம். உங்கள் நாயகனுக்கு ஞானம் கூடக் கூடப் பழைய நினைவுகள் திரும்புகின்றன, மற்றவனுக்குத் திறக்காத பேச்சுகள் அவனுக்குத் திறக்கின்றன. கடைசி எதிரியைக்கூடப் பேசியே வெல்லலாம். செத்தால் ஆட்டம் முடிவதில்லை. எழுந்து நடக்க வேண்டியதுதான். ராவெல் என்றொரு சூனியக் கிழவி, ஒருவனுடைய இயல்பை மாற்றக்கூடியது எது என்று கேட்கிறாள். இதுதான் சரியான விடை என்று ஒன்று கிடையாது. நீங்கள் மனதார நம்பிச் சொல்வதா என்பதை மட்டும்தான் அவள் பார்க்கிறாள்.

ஒரு காட்சியைச் சொல்லாமல் என்னால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. சிகில் என்ற நகரத்தில், மனிதர்களின் அனுபவங்களைக் கல்லில் பதித்து வைத்திருக்கும் மண்டபம் ஒன்று உண்டு. கல்லைத் தொட்டால் அவர்கள் பட்டது நமக்கும் படும். டியோனாரா என்ற பெண்ணின் அனுபவம் பதிந்த கல்லைத் தொடுகிறோம். தான் காதலித்தவன் தன்னை விட்டுப் போகப்போகிறான் என்ற அவளுடைய தவிப்பு அப்படியே நம்மேல் இறங்குகிறது. அந்தத் தவிப்புக்குள்ளேயே, அவளெதிரில் நின்ற அவனுடைய மனமும் திறந்துகொள்கிறது. அவன் வேறு யாருமல்ல, நம் நாயகனேதான். மறந்துபோன வாழ்வொன்றின் நாயகன். வாய் ஆறுதல் சொல்கிறது, மனம் இவளால் என்ன பயன் என்று கணக்குப் போடுகிறது. இத்தனைக்கும் திரையில் காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. வெறும் எழுத்து. நாம் செய்யாத, ஆனால் நாமே செய்த ஒரு துரோகத்துக்கு அந்த இடத்தில் வெட்கப்படுகிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமான கதையே அல்ல. மணிமேகலை மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் தன் முற்பிறவியை அறிகிறாள். தன்னைத் துரத்திய உதயகுமரன் அப்பிறவியில் தன் கணவன் இராகுலன் என்று தெரிகிறது. அந்த இராகுலன், கால் இடறி விழுந்த சமையற்காரனை ஆத்திரத்தில் வாளால் வெட்டியவன். அந்த வினைதான் காஞ்சனன் என்பவனின் கை வாளாக வந்து உதயகுமரனை வீழ்த்தியது என்று கந்திற்பாவை என்ற தெய்வம் சொல்கிறது. நினைவே இல்லாத பிறவியின் செயலுக்கு இன்றைய நான் எப்படிப் பொறுப்பேற்பது? சீத்தலைச் சாத்தனார் காவியத்தில் எழுப்பும் இந்தக் கேள்வியைத்தான் டார்மென்ட் ஆடுபவனின் கையில் கொடுத்து, நீயே முடிவு செய் என்கிறது.

இப்படிப்பட்ட கதைகள் நம்மிடமே இருக்கின்றன. இங்கேதான் எனக்குப் பெங்களூரு மீது ஆதங்கம். ராஜேஷ் ராவ் இந்த நகரத்தில் 1997-ல் துருவா இன்டராக்டிவைத் தொடங்கினார். ‘ஃபோர்ஸா’ போன்ற உலகப் புகழ்பெற்ற விளையாட்டுகளின் உருவங்கள் இங்கே செதுக்கப்பட்டன. 2019-ல் ராக்ஸ்டார் நிறுவனம் துருவாவை 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் பெங்களூருக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. உலகத்தரமான கைகள் இங்கே இருக்கின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அந்தக் கைகள் பெரும்பாலும் அடுத்தவர் கதைக்கே படம் வரைந்தன. நம் கதை விளையாட்டானால் உலகம் கவனிக்கும் என்பதும் நிரூபணமான ஒன்றுதான். புனேயிலிருந்து 2020-ல் ‘ராஜி’ வந்தது. கனடாவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையைச் சொல்லி 2024-ல் பாஃப்டா விருது வாங்கியது. டார்மென்டின் வகையறாவும் வழக்கொழிந்துவிடவில்லை. 2023-ன் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்றான ‘பால்டர்ஸ் கேட் 3’ அதே மரபில் வந்தது.

1999-ன் மற்ற விளையாட்டுகளின் படங்கள் இன்று பழசாகிவிட்டன. டார்மென்டின் படங்களும்தான். அதன் எழுத்து மட்டும் பழசாகவில்லை. பெங்களூருவின் நிறுவனங்கள் ஓவியர்களுக்கும் நிரலாளர்களுக்கும் போடும் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கன்னட, தமிழ் எழுத்தாளர்களுக்கும் நாலு நாற்காலி போட வேண்டும். வேலை தொடங்கும் முதல் நாளிலேயே போட வேண்டும்.

ஆட நினைப்பவர்களுக்கு: கனடாவின் பீம்டாக் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட மெருகேற்றிய பதிப்பு இன்றைய கணினியிலும் கைப்பேசியிலும் ஓடும். எழுத்து நிறைய இருப்பதால் பெரிய திரை நல்லது. நாயகனை உருவாக்கும்போது உடல் பலத்தில் புள்ளிகளை வீணாக்காமல் ஞானத்திலும் புத்தியிலும் வசீகரத்திலும் போடுங்கள். பிணவறையை விட்டு வெளியேற அவசரப்படாதீர்கள்; அங்கே இருக்கும் எல்லோரிடமும் பேசுங்கள்.