கறுப்பெண்ணெய் கையில் பட்டால்



பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் டிராக்டர், லோரி ஓட்டும் தோழர்கள் சிலர் கையில் வெடிப்பும் கொப்புளமுமாக என்னிடம் வருகிறார்கள். "என்னப்பா செய்தீர்கள்?" என்றால், "மிஞ்ஞாக் ஹித்தாம் வடிகட்டினோம், டிரஸ்ஸர்" என்கிறார்கள். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயைத் துணியில் வடித்து டீசலோடு கலக்கிறார்களாம். டீசல் மிச்சமாம்!

எஞ்சின் ஓடாது என்று நான் சொல்லவில்லை, ஓடும். ஆனால் அந்தக் கறுப்பு எரிந்த புகைக்கரி. துணியின் கண்ணைவிடப் பொடியானது, எத்தனை முறை வடித்தாலும் போகாது. தேய்ந்த இரும்புத்தூளும் எண்ணெயில் முன்பே சேர்த்த துத்தநாகமும் அதில் உண்டு. எரிந்தால் சாம்பலாகிக் கொஞ்சம் இன்ஜெக்டரில் படியும், மிச்சம் புகையோடு உங்கள் மூக்குக்கு வரும். வெறும் டீசல் புகையே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012-இல் அறிவித்தது.

தோல் விஷயம் இன்னும் பழசு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூல் நூற்றவர்களுக்கு இயந்திர எண்ணெய் தெறித்துக் கால்சட்டை ஊறிக் கிடக்கும். பல வருடம் கழித்து விதைப்பையில் புற்றுநோய் வந்தது. 1922-இல் மான்செஸ்டர் டாக்டர்கள் இதை எழுதினார்கள். நம் ஆட்களோ எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள்! அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஆறாத புண்ணோ மருவோ இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள். நான் பார்க்காத புண்ணா?

கை கழுவ டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம். தோலின் கொழுப்பையே உரித்துவிடும். சோப்புதான்.

இன்னொன்று. ஒருவர் டிரம்மில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சியபோது டீசல் கலவை உள்ளே போய்விட்டது. வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். அதுதான் தப்பு. வாந்தியோடு நெஞ்சுக்குள் இறங்கி, இரவே மூச்சுத் திணறல், காய்ச்சல். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். அவர் பிழைத்தார்; ஆனால் மேடு ஏறினால் இன்றும் இளைக்கிறது.

2005-ஆம் வருட விதிப்படி பழைய எண்ணெய் 'எஸ்.டபிள்யூ. 305' என்ற அட்டவணைக் கழிவு. மூடிய டிரம்மில் முத்திரைச் சீட்டு ஒட்டி, உரிமம் உள்ளவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இது நிர்வாகத்தின் பொறுப்பு. மேலே உள்ளவர் "கலந்து ஊற்று" என்றால், தோட்டச் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள். என்னிடமும் சொல்லலாம், உங்கள் பெயர் வெளியே வராது.