அண்டை ஊரின் மணலும் நம் பொறுப்பே

கடற்கரை மணல் ஓரிடத்திலேயே கிடப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது தெற்கே இழுக்கின்றன. புதுச்சேரி, சென்னைப் பகுதிகளில் மொத்தத்தில் வடக்கே போவதே அதிகம்.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் நீட்டப்பட்டன. வடக்கே போகவேண்டிய மணல் தெற்கே குவிந்தது. நகரத்துக் கடற்கரை கரைந்து மறைந்தது. கரையோரம் பாறைகளைக் கொட்டினார்கள். சாலை தப்பியது, மணல் திரும்பவில்லை. அரிப்பு வடக்கே அடுத்தடுத்த மீனவர் ஊர்களுக்கு நகர்ந்தது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடமில்லாமல் அம்மக்கள் தவித்தார்கள்.

ஆகவே, கல் மட்டும் தீர்வாகாது. தேங்கிய மணலை எடுத்து, அது போகவேண்டிய பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியே இதைச் செய்கிறார்கள். புதுச்சேரியிலும் பின்னர் நீருக்கடியில் எஃகுத் தடுப்பு அமைத்து அலையின் வேகத்தைத் தணித்தபின், கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. கட்டட வேலைக்குக் கடற்கரை மணலை அள்ள வேண்டாம்; சட்டமும் அதைத் தடுக்கிறது. மணல்மேட்டைப் பிடித்துவைக்கும் அடப்பங்கொடியைப் பிடுங்க வேண்டாம். நம் ஊருக்குத் தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுக்கும்போது, "பக்கத்து ஊரின் மணலுக்கு என்ன வழி?" என்றும் சேர்த்துக் கேட்போம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணும் நாம், அண்டை ஊரின் கரையை மறக்கலாகாது.