கடலடி உலோகம்: தேடலாம், தோண்டலாமா?

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியின் இலக்கு இது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பயிற்சிக்காகச் சென்ற இந்தியர் இருவர் பிரான்ஸின் ‘நாட்டீல்’ நீர்மூழ்கியில் அட்லாண்டிக் கடலுக்குள் 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் இறங்கினார்கள். 2021இல் 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் ஒரு பகுதி இது. அறிவியல் ஆய்வோடு, கடலடிக் கனிமங்களும் இத்திட்டத்தின் நோக்கம்தான்.

கீழே என்ன இருக்கிறது?

ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு அளவில் கருநிற உலோக முடிச்சுகள் சிதறிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியவை இவற்றில் உள்ளன. ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1870களிலேயே இவற்றை வாரி எடுத்தது. ஒரு முடிச்சு சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். மின்வாகன பேட்டரிகளுக்கு நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படுவதால் இப்போது பல நாடுகளின் கண் இவற்றின் மேல் விழுந்திருக்கிறது.

இந்தியாவின் பங்கு எவ்வளவு?

1981இல் ‘கவேஷணி’ கப்பல் அரபிக்கடலில் முதல் முடிச்சுகளை எடுத்தது. 1987இல் கடலடிக் கனிமத் தேடலில் ‘முன்னோடி முதலீட்டாளர்’ என்ற தகுதியை உலகிலேயே முதலில் பெற்ற நாடு இந்தியா. மத்திய இந்தியப் பெருங்கடலில், கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவுக்கு அப்பால், 75,000 சதுர கி.மீ. பரப்பில் ஆய்வு செய்யும் உரிமை இன்று இந்தியாவிடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் இது. அங்கு 38 கோடி டன் முடிச்சுகள் இருப்பதாக மதிப்பீடு. அதில் மாங்கனீசு சுமார் 9.26 கோடி டன், நிக்கல் 47 லட்சம் டன், தாமிரம் சுமார் 43 லட்சம் டன், கோபால்ட் 5.5 லட்சம் டன்.

எப்படி எடுப்பார்கள்?

சங்கிலிச் சக்கரம் பூட்டிய இயந்திரம் கடலடியில் ஊர்ந்து முடிச்சுகளை வாரும். பின் அவற்றை நொறுக்கிக் குழாய் வழியே கப்பலுக்கு ஏற்றும். அந்த ஆழத்தில் அழுத்தம் தரைமட்டத்தைப் போல 500, 600 மடங்கு. தரையோ இயந்திரம் புதைந்துபோகும் சேறு. பள்ளிக்கரணைப் பொறியாளர்களின் ‘வராஹா’ இயந்திரம் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் நகர்ந்து காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் நகர்வது வேறு, ஆயிரக்கணக்கான டன் வாரி மேலே ஏற்றுவது வேறு.

ஏன் எதிர்ப்பு?

பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக் கடலடியை 1989இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சோதனைக்காக உழுதார்கள். 26 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்தத் தடங்கள் அப்படியே இருந்தன. முடிச்சுகளின் மேல் ஒட்டி வாழும் உயிர்கள் முடிச்சோடு சேர்ந்து அழியும். கிளம்பும் சேறு பக்கத்து உயிர்களையும் மூடும். இந்தக் காரணங்களால்தான் 30க்கும் மேற்பட்ட நாடுகள் தடையோ இடைநிறுத்தமோ கோருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடற்படுகை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்கிறது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் அதற்குக் காவல். அது இதுவரை ஆய்வுக்கு மட்டுமே உரிமம் தந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் சேராத அமெரிக்கா, 2025 ஏப்ரலில் தன் உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் தரும் வேலையை முடுக்கிவிட்டது.

கரையில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் எழுப்புவதில்லை. மேலே சொன்ன கணக்கின்படி, வேண்டிய நான்கு உலோகங்களும் சேர்ந்து முடிச்சின் எடையில் சுமார் 27 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி கசடாக ஏதோ ஓர் ஊரில் குவியும். இதற்குப் பாடம் மலேசியாவில் இருக்கிறது. பகாங் மாநிலத்தில், குவாந்தானை அடுத்த கெபெங்கில், ஆஸ்திரேலியாவில் தோண்டிய அரிய மண் உலோகத் தாதுவை 2012 முதல் சுத்திகரிக்கிறார்கள். சுரங்கம் ஒரு நாட்டில், தோரியம் கலந்த கழிவு இன்னொரு நாட்டில். அதை எங்கே வைப்பது என்பதை வைத்து அங்கே மக்கள் போராட்டமே நடந்தது.

நட்டக் கணக்கும் உண்டு. கடலடிச் சுரங்கத்தில் முதல் ஆளாக இறங்கிய நாட்டிலஸ் மினரல்ஸ் 2019இல் திவாலானது. அதில் பங்கு வாங்கிய பப்புவா நியூ கினி அரசின் பணமும் கரைந்தது. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு-பாஸ்பேட் பேட்டரிகள் இன்று பல லட்சம் வாகனங்களில் ஓடுகின்றன. உலோகம் பத்தாண்டு காத்திருந்தால் கெட்டுப்போகாது.

ஆழ்கடலை அறியும் வேலையை நிறுத்தக் கூடாது. பள்ளிக்கரணையில் வளரும் தொழில்நுட்பம் நமக்குத் தேவை. ஆனால் ஆய்வு உரிமம் அகழும் உரிமம் ஆகாது. கழிவு எந்த ஊரில் குவியும், கடலடிக்கு நேரும் சேதத்துக்கு யார் பொறுப்பு ஆகிய இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராதவரை, ஒரு டன்கூட வணிகத்துக்காக மேலே வரக் கூடாது.